போஸ் என்றால் எந்த போஸ்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரம் இல்லை, சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "சார், கடவுள் துகள் என்கிறார்களே, அதில் வருகிற போஸும் நேதாஜியும் அண்ணன் தம்பியா?" கேட்டது என் மாணவன் ஒருவனின் மகள், பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த பத்து நிமிடத்தில் இன்னொருவர், போஸ் ஸ்பீக்கர் கம்பெனி நேதாஜியின் பேரன் தொடங்கியது என்று ஒரு செய்தியை அனுப்பிவிட்டார். இரண்டுமே சரியில்லை. ஆனால் "இல்லைம்மா" என்று ஒரே வார்த்தையில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண்ணின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. சொந்தம் இல்லை என்றால், ஒரே பெயரில் இத்தனை பெரிய மனிதர்கள் எப்படி வந்தார்கள்?

முதலில் பெயரைப் பார்ப்போம். நமக்குப் பெயருக்கு முன்னால் இனிஷியல். வங்காளிகளுக்குப் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர். வங்க எழுத்தில் அது 'வசு'தான். அஷ்ட வசுக்கள் என்று மகாபாரதத்தில் வருகிறதே, அதே வடமொழிச் சொல். வங்காளிகள் வாயில் 'வ' என்பது 'ப' ஆகும், 'அ' என்பது 'ஓ'வுக்குப் பக்கத்தில் போய்விடும். ஆகவே 'போஷு' என்று ஒலிக்கும். ஆங்கிலத்தில் எழுதியபோது சிலர் வீட்டில் போஸ் ஆயிற்று, சிலர் வீட்டில் பாசு ஆயிற்று. 1977 முதல் 2000 வரை மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த ஜோதி பாசுவும் பெயரளவில் ஒரு போஸ்தான்.

இந்தப் பெயர் பெரும்பாலும் காயஸ்தர் என்ற சாதியாருக்கு உரியது. கோஷ், மித்ரா என்பவையும் அப்படியே. நம் ஊரில் ஒரு காலத்தில் பெயருக்குப் பின்னால் பிள்ளை என்றும் முதலியார் என்றும் போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரு தாத்தாவின் பேரன்மார் இல்லையே, அதுபோலத்தான். போஸ் என்ற பெயர் ரத்த உறவுக்குச் சாட்சி ஆகாது.

ஆனால் இவர்களுக்குள் வேறு விதமான உறவுகள் இருந்தன. அதைத்தான் சொல்ல வந்தேன்.

1913-ஆம் ஆண்டு கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரிக்குப் போவோம். பேராசிரியர் வரிசையில் ஜகதீஷ் சந்திர போஸ் இருக்கிறார். அவருடைய மாணவர் சத்யேந்திரநாத் போஸ், பி.எஸ்ஸி. முடித்து எம்.எஸ்ஸி. வகுப்புக்குப் போகிறார். அதே ஆண்டு கட்டாக்கிலிருந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்கிறான். அவன் பெயர் சுபாஷ் சந்திர போஸ். ஒரே கல்லூரியின் பதிவேடுகளில் மூன்று போஸ்கள். மூவரும் ஒருவருக்கொருவர் உறவினர் இல்லை. ஆனால் முதல் இருவரும் ஆசிரியர், மாணவர்.

ஜகதீஷ் சந்திர போஸ் பிறந்தது 1858-இல். அவர் அப்பா அரசாங்கத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். அந்தஸ்துள்ளவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய காலத்தில் அவர் மகனை வங்காளிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே அவருக்கு ஒரு பக்கம் அப்பாவின் முஸ்லிம் பணியாளர் மகன், இன்னொரு பக்கம் மீனவர் மகன். அவர்கள் சொன்ன பறவைக் கதைகளும் மீன் கதைகளும்தான் இயற்கையை ஆராயும் ஆசையைத் தனக்குள் விதைத்தன என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பிறகு கேம்பிரிட்ஜில் படித்து, 1885-இல் பிரெசிடென்சி கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். இந்தியர் என்பதால் ஐரோப்பியப் பேராசிரியரைவிடக் குறைந்த சம்பளம் நிர்ணயித்தார்கள். அவர் சண்டை போடவில்லை, ராஜினாமா செய்யவில்லை. மூன்று வருஷம் சம்பளத்தைக் கையால் தொடாமல் பாடம் நடத்தினார். கடைசியில் அரசாங்கம் இறங்கிவந்து முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டுக் கொடுத்தது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர்களுக்குத்தான் அந்த மூன்று வருஷத்தின் கனம் தெரியும்.

அதைத் தாங்கியதில் அவர் மனைவி அபலா போஸுக்கும் பங்கு உண்டு. அவர் பிறப்பால் போஸ் இல்லை, தாஸ் குடும்பத்துப் பெண். இவரைப் பற்றி நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டார். கல்கத்தா மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்க்கவில்லை. நம் சென்னை மருத்துவக் கல்லூரியோ 1875-லேயே பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆகவே 1882-இல் வங்காளத்திலிருந்து கிளம்பிச் சென்னைக்கு வந்து படித்தார். உடல்நலம் இடம் கொடுக்காததால் படிப்பை முடிக்க முடியவில்லை. தனக்குக் கிடைக்காததை மற்றப் பெண்களுக்குக் கொடுக்க நினைத்தாரோ என்னவோ, 1919-இல் நாரீ சிக்ஷா சமிதி என்ற அமைப்பைத் தொடங்கி வங்காளத்துக் கிராமங்களில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார். கைம்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆசிரியைகள் ஆக்கினார்.

ஜகதீஷ் 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் கம்பியில்லாமல் அலைகளைச் சுவர் தாண்டி அனுப்பி, தூரத்தில் ஒரு மணியை அடிக்கவைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். பிறகு செடிகொடிகளின் உணர்ச்சியை அளக்கும் கருவிகள் செய்தார். 1917-இல் தன் பிறந்தநாளன்று போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார்.

அவருடைய மாணவர் சத்யேந்திரநாத் போஸ் 1894 ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தவர். எம்.எஸ்ஸி.யில் முதலிடம். 1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராக இருந்தபோது ஒரு சிறிய கட்டுரை எழுதி, ஐன்ஸ்டைனுக்கே அனுப்பிவைத்தார். தங்களுக்கு நான் முன்பின் தெரியாதவன்தான், ஆனாலும் தங்கள் எழுத்தைப் படித்து வளர்ந்த நாங்கள் எல்லோரும் தங்கள் மாணவர்களே, அந்த உரிமையில் கேட்கிறேன் என்ற பொருளில் கடிதம் எழுதியிருந்தார். ஐன்ஸ்டைன் அதைத் தன் கையாலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார்.

அந்தக் கட்டுரையில் என்ன புதுமை? இரண்டு நாணயங்களைச் சுண்டுங்கள். இரண்டும் தலை, இரண்டும் பூ, முதலாவது தலை இரண்டாவது பூ, முதலாவது பூ இரண்டாவது தலை. ஆக நான்கு வழி. இப்போது அந்த இரண்டு நாணயங்களையும் எந்த வகையிலும் பிரித்துச் சொல்லவே முடியாது என்று வையுங்கள். எது முதலாவது, எது இரண்டாவது? சொல்ல முடியாது. அப்போது நான்கு வழி மூன்றாகிவிடும். ஒளித்துகள்களை இப்படித்தான் எண்ண வேண்டும் என்பது சத்யேந்திரநாத் சொன்ன கருத்து. இந்தக் கணக்குக்கு உட்படும் துகள்களுக்கு எல்லாம் பிற்பாடு டிராக் என்ற விஞ்ஞானி 'போசான்' என்று பெயர் வைத்தார். 2012 ஜூலை 4-ஆம் தேதி ஜெனீவாவுக்கு அருகில் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார்களே ஹிக்ஸ் போசான், அதைத்தான் கடவுள் துகள் என்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தவர் போஸ் இல்லை. அது சேர்ந்திருக்கும் இனத்துக்குத்தான் அவர் பெயர்.

அவருக்கு நோபல் பரிசு வரவில்லை. அவர் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டவராகவும் தெரியவில்லை. 1948-இல் வங்கீய விஞ்ஞான பரிஷத் என்ற அமைப்பைத் தொடங்கி, வங்காளியில் அறிவியல் பத்திரிகை நடத்தினார். தாய்மொழியில் விஞ்ஞானம் சொல்ல முடியாது என்பவர்களோடு கடைசிவரை வாதாடினார். 1974-இல் காலமானார்.

இப்போது அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணின் உள்கேள்விக்கு வருகிறேன். எப்படி ஒரே பெயரில் இத்தனை பேர்? ரத்தம் காரணம் இல்லை. காயஸ்தர்கள் தலைமுறை தலைமுறையாக எழுத்துவேலை, கணக்குவேலை பார்த்தவர்கள். நவாப் காலத்தில் பாரசீகம் படித்தவர்கள், கம்பெனி காலத்தில் ஆங்கிலம் படித்தார்கள். பிரெசிடென்சி கல்லூரியின் முன்னோடியான இந்துக் கல்லூரி 1817-இல் தொடங்கியது. அதன் வாசலில் முதலில் நுழைந்த வீடுகளில் போஸ், கோஷ், மித்ரா வீடுகளும் இருந்தன. வாசல் முதலில் யாருக்குத் திறக்கிறதோ, பட்டியலில் அவர்கள் பெயர்தான் முதலில் நிறையும்.

சந்தேகம் இருந்தால் சத்யேந்திரநாத்தின் வகுப்புத் தோழர் மேக்நாத் சாகாவைப் பாருங்கள். டாக்கா பக்கத்தில் ஒரு கிராமத்துச் சின்னக் கடைக்காரர் மகன். கல்கத்தாவில் கல்லூரி விடுதியில், அவர் பிறந்த சாதியைக் காட்டி, கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டோம் என்று சில மாணவர்கள் மறுத்தார்கள். அதே சாகாதான் நட்சத்திரங்களின் ஒளியை வைத்து அவற்றின் வெப்பத்தைக் கணக்கிட வழிசெய்யும் சமன்பாட்டை 1920-இல் தந்தார். அதே ஆண்டில் அவரும் சத்யேந்திரநாத்தும் செய்த ஐன்ஸ்டைன் கட்டுரைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு கல்கத்தாவில் புத்தகமாக வந்தது. மூளை இரண்டு பேருக்கும் இருந்தது. பெயர் ஒருவருக்குத்தான் துணை நின்றது. இன்னும் எத்தனை சாகாக்கள் அந்த வாசல்வரைகூட வரமுடியாமல் போனார்களோ.

சரி, அந்தப் பதினாறு வயதுப் பையன் சுபாஷ். 1916-இல் ஓட்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியரை மாணவர்கள் அடித்த விவகாரத்தில் பிரெசிடென்சி கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு வேறு கல்லூரியில் பட்டம் பெற்று, 1920-இல் ஐ.சி.எஸ். தேர்வில் நான்காவதாக வந்து, அடுத்த ஆண்டே அந்த வேலையை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார்.

அவருக்கு முன்னால் விடுதலைப் பாதையில் நடந்த இரண்டு போஸ்களைச் சொல்லாமல் அவர் கதை முழுமையாகாது.

குதிராம் போஸ் 1889-இல் பிறந்தவர். அவர் பெயருக்கு ஒரு காரணம் சொல்வார்கள். அவருக்கு முன் பிறந்த ஆண் குழந்தைகள் தங்கவில்லை. அதனால் அவர் அக்கா மூன்று கைப்பிடி நொய் அரிசி கொடுத்துத் தாயிடமிருந்து தம்பியை 'வாங்கி'க்கொண்டாராம். நொய்க்கு வங்காளியில் 'குது'. அதனால் குதிராம். நம் வீடுகளிலும் பிள்ளை தங்காமல் போனால் அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்றும், பிச்சை என்றும் பெயர் வைத்தார்களே, அதே பயம், அதே பாசம். அப்படிக் காப்பாற்றிய பிள்ளை 1908 ஏப்ரல் 30-ஆம் தேதி முசாபர்பூரில் கிங்ஸ்ஃபோர்டு என்ற நீதிபதியின் வண்டி என்று நினைத்துக் குண்டு வீசினான். வண்டியில் இருந்தவர்கள் வேறு. ஒரு தாயும் மகளும் இறந்துபோனார்கள். தியாகத்தைப் பேசும்போது அந்த இருவரையும் மறைத்துவிட்டுப் பேசுவது வரலாறு ஆகாது. அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி குதிராம் தூக்கிலிடப்பட்டபோது வயது பதினெட்டு. நம் பிளஸ் டூ பையன் வயது.

ரஷ் பிஹாரி போஸ் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். பகலில் அரசாங்கக் கோப்பு, மறைவில் புரட்சி. 1912 டிசம்பர் 23-ஆம் தேதி டெல்லியில் யானைமேல் ஊர்வலம் வந்த வைஸ்ராய் ஹார்டிஞ்சு மீது குண்டு வீசிய சதியின் மூளை அவர்தான். 1915-இல் ஜப்பானுக்குத் தப்பினார். என்ன பெயரில் தெரியுமா? பி.என். தாகூர் என்று, கவி தாகூரின் உறவினர்போல. போஸ் என்ற பெயர் ஆபத்து, தாகூர் என்ற பெயர் பாதுகாப்பு. டோக்கியோவில் நகமுராயா என்ற ரொட்டிக்கடைக் குடும்பம் அவரை ஒளித்துவைத்தது. அந்த வீட்டு மகள் தோஷிகோவை 1918-இல் மணந்தார். அவர் சொல்லிக்கொடுத்த இந்தியக் கறி 1927 முதல் அந்தக் கடையின் புகழ்பெற்ற பதார்த்தம்.

சுபாஷும் பெயரை மறைத்துத்தான் தப்பினார். 1941 ஜனவரியில் வீட்டுக்காவலிலிருந்து முகமது ஜியாவுதீன் என்ற பெயரில் வெளியேறினார். காரை ஓட்டியது அண்ணன் சரத் சந்திர போஸின் மகன் சிசிர். (இந்தப் பதிவில் ரத்த சொந்தம் உள்ள போஸ்கள் இந்த மூவர்தான்.) காபூலிலிருந்து ஐரோப்பாவுக்கு ஆர்லண்டோ மஸோட்டா என்ற இத்தாலியப் பெயரில் போனார். பெயருக்காக வாழ்கிறவர்கள் உண்டு. இவர்கள் இருவரும் காரியத்துக்காகப் பெயரையே கழற்றி வைத்தவர்கள்.

1943 ஜூலை 4-ஆம் தேதி சிங்கப்பூரில் ரஷ் பிஹாரி, இந்திய சுதந்திர லீக்கின் தலைமையைச் சுபாஷிடம் ஒப்படைத்தார். ஒருவருக்கு 57 வயது, இன்னொருவருக்கு 46. இருபத்தெட்டு வருஷம் அந்நிய மண்ணில் கட்டிக் காத்ததை, தன்னைவிட இளையவரிடம் மனமுவந்து கொடுத்துவிட்டு ஒதுங்கினார். பதவியை விட்டு இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்பதை நம் காலத்தில் தினமும் பார்க்கிறோம். ரஷ் பிஹாரி 1945 ஜனவரியில் டோக்கியோவில் காலமானார். சுதந்திரத்தைப் பார்க்கவில்லை. (சுபாஷின் மறைவு பற்றிய வாதத்தை இந்தப் பதிவின் கீழே தயவுசெய்து தொடங்க வேண்டாம். அது தனி வகுப்பு.)

துப்பாக்கி எடுக்காத ஒரு போஸும் உண்டு. ஓவியர் நந்தலால் போஸ். 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்கு, காந்தியடிகள் கேட்டுக்கொண்டபடி, தச்சர், குயவர், நூல் நூற்பவர், மேளம் அடிப்பவர் என்று சாதாரண ஜனங்களை வரைந்து பந்தலை அலங்கரித்தார். அந்த மாநாட்டின் தலைவர் யார்? சுபாஷ் சந்திர போஸ். நம் அரசியல் சட்டத்தின் மூலப் பிரதியில் பக்கங்களை ஓவியங்களால் அழகுபடுத்தியதும் நந்தலாலும் அவருடைய சாந்திநிகேதன் மாணவர்களும்தான். அதில் ஒரு பக்கத்தில் நேதாஜியின் உருவம் இருக்கிறது. ஒரு போஸ் தலைமையில் தீட்டப்பட்ட ஓவியங்களில் இன்னொரு போஸ்.

ஸ்பீக்கர் கம்பெனிக்காரர் அமர் போஸ். 1929-இல் அமெரிக்காவில் பிறந்தவர். நேதாஜிக்குப் பேரன் இல்லை. ஆனால் அவர் அப்பா நோனி கோபால் போஸ் வங்காளத்தில் ஆங்கிலேயரை எதிர்த்துச் சிறைக்குப் போய், 1920-இல் அமெரிக்காவுக்குத் தப்பியவர். மகன் சிறுவயதில் ரேடியோ ரிப்பேர் செய்து வீட்டுக்கு உதவினார். எம்.ஐ.டி.யில் படித்து, அங்கேயே நாற்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தினார். 1964-இல் கம்பெனி தொடங்கிய பிறகும் வகுப்பறையை விடவில்லை. 2011-இல் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை, வாக்குரிமை இல்லாத பங்குகளாக, தான் படித்த எம்.ஐ.டி.க்கே கொடுத்தார். வருகிற லாபப் பங்கு கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு.

கடைசியாக நம் ஊருக்கு வருவோம். மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். தமிழ்ப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். அதற்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்தவர். போர் முடிந்து ஊர் திரும்பியவர்களும், அவர்கள் கதையைக் கேட்டவர்களும் பிள்ளைகளுக்குப் போஸ், சுபாஷ், சந்திரபோஸ், நேதாஜி என்று பெயர் வைத்தார்கள். தெற்கு மாவட்டங்களில் பாடம் எடுத்த எந்த ஆசிரியரின் வருகைப் பதிவேட்டிலும் ஒரு போஸாவது இருப்பான். சென்னையில் பூக்கடை பக்கம் போகும் சாலையின் பெயர் என்.எஸ்.சி. போஸ் ரோடு. நேதாஜி என்ற பட்டத்தையே நாம் இனிஷியல் ஆக்கிவிட்டோம்!

கவனித்தீர்களா? வங்காளத்தில் போஸ் என்றால் பெயரின் வால். அதைக் கேட்டதும் சாதி தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் அதுவே தலைப்பெயர் ஆகிவிட்டது. அதைக் கேட்டால் எந்தச் சாதி, எந்தத் தெரு என்று சொல்ல முடியாது. அப்பா கூலிக்காரராக இருக்கலாம், கடைக்காரராக இருக்கலாம். பிள்ளைக்கு ஒரு நல்ல பெயர் வேண்டும் என்று தேடி, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த ஒரு குடும்பப் பெயரை எடுத்துத் தன் வீட்டுப் பெயர் ஆக்கிக்கொண்டார். பரம்பரைச் சொத்தாக இருந்த ஒரு பெயருக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது என்பது என் எண்ணம்.

ஆகவே, அம்மா கண்ணு, உன் கேள்விக்கு என் பதில் இது. அவர்கள் அண்ணன் தம்பி இல்லை. ஒரே கல்லூரியில் முன்னும் பின்னும் படித்தவர்கள். அந்தக் கல்லூரியின் வாசல் அவர்கள் பெயருக்குச் சீக்கிரம் திறந்தது. அவர்களில் சிறந்தவர்கள் அதை மற்றவர்களுக்கும் திறந்துவிடப் பார்த்தார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் உங்கள் வீட்டில், தெருவில் போஸ் என்று யாராவது இருந்தால், அவர் எந்த வருஷம் பிறந்தார், பெயர் வைத்தது யார், ஏன் வைத்தார் என்று பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். எழுதிவைக்காவிட்டால் அந்த விவரம் அவர்களோடு போய்விடும். விடைத்தாள் திருத்துவதுபோல ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் போடுகிறேன்.